மருந்தியல் மேதை சுப்பாராவ்

நுழையும் முன்

நோய்க் கிருமிகளிடமிருந்து உடலைக் காப்பவை குருதியிலுள்ள வெள்ளையணுக்கள். காக்க வேண்டிய அவ்வணுக்களே சில வேளைகளில் உடலுக்குப் பகையாகிவிடுகின்றன. குடலின் சுவரைப் புண்ணாக்கும் அழற்சி நோய்களில் நிகழ்வது அதுவே. அவ்வணுக்களைக் கட்டுக்குள் கொண்டுவரும் மருந்து ஒன்றை உலகிற்கு வழங்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் ஓர் இந்தியர். கொடிய குடல்நோய்க்குத் தம் உடன்பிறந்தோர் இருவரைப் பறிகொடுத்தவர். சென்னையில் மருத்துவம் பயின்று, ஆய்வின் பொருட்டுக் கடல் கடந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்னரே ஓய்வு பெற்றவர். ஆதலால், பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தை வறுமை வாட்டியது.

இளமையில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் மிகுதியாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியிலேயே கண்டுபிடிக்கப்பட்டு வீடு திரும்பினார். பள்ளி இறுதித் தேர்விலும் அவர் எளிதில் வெற்றி பெறவில்லை. இருமுறை தவறினார். தாயார் மனம் தளரவில்லை. மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில் சுப்பாராவ் தேர்ச்சி பெற்றார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்தார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசைவளிக்கவில்லை. மக்களுக்குத் தொண்டாற்ற மருத்துவமும் ஒரு வழியே என்று தெளிந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் அவருடைய படிப்புச் செலவுக்கு உதவினர். 1919ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் நங்கையை அவர் மணந்தார்.

அது காந்தியடிகள் அயல்நாட்டுத் துணிகளைத் துறக்குமாறு அழைப்பு விடுத்த காலம். சுப்பாராவ் கதர்த் துணியாலான மேலங்கி அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளில் சிறந்து விளங்கியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணிக்கு அவர் அளித்த விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை.

குடல்நோய் தந்த துயரம்

இக்காலத்தில் அவர் குடும்பத்தைப் பேரிடி ஒன்று தாக்கியது. உடன்பிறந்தோர் புருஷோத்தம், கிருஷ்ணமூர்த்தி ஆகிய இருவரும் சில நாள்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவர்களைக் கொன்றது ஸ்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோய். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. சென்னையில் புகழ்பெற்றிருந்த ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார்.

ஸ்புரூ என்பது யாது? நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் எண்ணற்றவை உள்ளன. உணவின் சத்தை உறிஞ்சிக் குருதிக்கு அளிப்பவை அவையே. ஸ்புரூ நோயில் அவ்வுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. குடற்சுவரில் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. நாக்கு புண்ணாகிறது, உடல் மெலிகிறது, குருதி சோகையுறுகிறது. உணவு முன்னே இருந்தும் உடல் பட்டினியால் வாடும் நோய் அது.

அக்காலத்தில் அந்நோயின் காரணத்தையும் அதற்குரிய மருந்தையும் எவரும் அறிந்திருக்கவில்லை. மருத்துவம் கற்றிருந்தும் தம் உடன்பிறந்தோரைக் காக்க இயலவில்லையே என்ற எண்ணம் சுப்பாராவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நோயாளிக்கு மருந்து கொடுப்பதைவிட, இல்லாத மருந்தை உண்டாக்குவதே தம் பணி என்று அவர் துணிந்தார்.

கடல் கடந்த பயணம்

உயிர் காத்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஆயுர்வேத மருந்துகளின் ஆற்றலை இக்கால அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்னும் விருப்பம் அவருக்குத் தோன்றியது. அதற்குரிய பயிற்சியைப் பெற அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்து இடம் பெற்றார். மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் பயணத்திற்குப் பொருள் தந்து உதவினர். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக வீட்டாருக்கு உறுதி கூறி, 1920களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரம் சென்று சேர்ந்தார்.

அயல்நாட்டில் அவரை வரவேற்றது வறுமையே. அவருடைய இந்தியச் சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகப் பணிபுரிய இயலவில்லை. பகலில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். இரவில் மருத்துவமனை ஒன்றில் கடைநிலைப் பணியாளராக இருந்து, நோயாளிகளின் கழிகலங்களைத் தூய்மை செய்து பிழைத்தார். அப்பணியை அவர் இழிவாகக் கருதவில்லை. 1924இல் பட்டயம் பெற்றபின் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

இந்நிலையில் ஊரிலிருந்து துயரச் செய்தி ஒன்று வந்தது. அவர் புறப்பட்ட பின்னர்ப் பிறந்த மகன், ஓராண்டுகூட நிறையாமல் இறந்துவிட்டான். தந்தை மகன் முகத்தைக் கண்டதேயில்லை.

உயிரணுவின் ஆற்றல்

1925ஆம் ஆண்டு ஃபிஸ்கும் சுப்பாராவும் குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கணக்கிடும் எளிய முறையை வெளியிட்டனர். ஆய்வுக்குரிய நீர்மத்துடன் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்ந்திருக்கிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் உண்டு. ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதனைக் கற்கின்றனர்.

அம்முறையின் துணையால் தசைகளை ஆராய்ந்தபோது, 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டறிந்தனர். உயிரணு ஒவ்வொன்றும் வேலை செய்வதற்குச் செலவிடும் ஆற்றல் நாணயம் என்று ஏ.டி.பி.யைக் கூறலாம். அதே காலத்தில் செருமனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுத் துறை முழுவதற்கும் தலைவரானார்.

இலையில் மறைந்திருந்த ஊட்டம்

அக்கால மருத்துவ உலகைக் கவர்ந்த புதிர் ஒன்று இருந்தது. அதன் தொடக்கம் இந்தியாவிலேயே நிகழ்ந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாயில் ஏழைக் கருவுற்ற பெண்களின் சோகை நோயை ஆராய்ந்தார். ஈஸ்ட் என்னும் நொதியத்தின் சாற்றைக் கொடுத்தால் அந்நோய் தீர்வதைக் கண்டார். ஆனால், சாற்றிலுள்ள எந்தப் பொருள் நோயைத் தீர்த்தது என்பது தெரியவில்லை. 1941இல் அமெரிக்க அறிவியலார் சிலர் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து சிறிதளவு ஊட்டப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

டன் கணக்கில் கீரை பிழிந்து நோயாளிகளுக்கு மருந்து வழங்க இயலுமா? இயலாது. அப்பொருளின் அமைப்பை அறிந்து அதனை ஆய்வகத்திலேயே உருவாக்க வேண்டும். சுப்பாராவின் தலைமையில் அறிவியலார் பலர் கூடி உழைத்தனர். ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் ஃபோலிக் அமிலத்தைத் தூய வடிவில் பிரித்தனர். 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கி வெற்றி கண்டனர்.

ஃபோலிக் அமிலம் ஏன் இன்றியமையாதது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின் தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வை இருமடங்காக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. உடலில் இடையறாது பிரியும் அணுக்கள் இரண்டு இடங்களில் மிகுதி. ஒன்று, குருதியணுக்கள் பிறக்கும் எலும்பு மச்சை. மற்றொன்று, சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உட்சுவர். ஃபோலிக் அமிலம் குறைந்தால் குருதி சோகையுறும், குடற்சுவரும் நலியும். நலிந்த குடல் ஃபோலிக் அமிலத்தை உறிஞ்ச இயலாது. குறைபாடு மேலும் வளரும். ஸ்புரூ நோயாளியை வாட்டிய சுழல் இதுவே.

புதிய மருந்து வெளிவந்த உடனே மருத்துவர்கள் அதனைக் கரீபியத் தீவுகளின் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தனர். நாக்கின் புண் ஆறியது, பசி திரும்பியது, குருதி ஊறியது. உடன்பிறந்தோரை இழந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர்களைக் கொன்ற நோய்க்கு மருந்தொன்றை உலகிற்கு வழங்கும் பேறு சுப்பாராவுக்கு வாய்த்தது.

அம்மட்டோடு நிற்கவில்லை. அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டகர் என்னும் முதிய தாவரவியலார் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். 1948இல் வெளியான அதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1960களில் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஸ்புரூ கொள்ளைநோய்போல் பரவியபோது, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதனை விரிவாக ஆராய்ந்தனர். ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே இன்று அந்நோய்க்குரிய வழக்கமான மருத்துவம். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தும் சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வகத்தில் உருவானவை.

குருதியின் காவலர்

சுப்பாராவின் அடுத்த ஆய்வை உணர்ந்துகொள்ள, வெள்ளையணுக்களின் பணியை அறிதல் வேண்டும். ஒரு மைக்ரோ லிட்டர் குருதியில், அதாவது குண்டூசித் தலையளவுத் துளியில், ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. அவற்றுள் நியூட்ரோபில் என்பவை கிருமிகள் நுழைந்த இடத்திற்கு முதலில் விரைந்து சென்று அவற்றை விழுங்குகின்றன. மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கிகள் கிருமிகளையும் இறந்த அணுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. ஆபத்து வந்துள்ளது என்னும் வேதிச் செய்தியையும் அனுப்புகின்றன. லிம்போசைட்டுகள் பகைவனை நினைவில் வைத்திருந்து, மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு தாக்குகின்றன. இப்போரில் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. அதுவே அழற்சி எனப்படும்.

குடல் அக்காவலர்களுக்குக் கடினமான களம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல நமக்கு நன்மை செய்பவை. எனவே, குடலின் காவலர்கள் எவரைத் தாக்க வேண்டும், எவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்து அமைதி காக்கின்றனர்.

அவ்வமைதி குலைந்தால் குடல் அழற்சி நோய் தோன்றுகிறது. குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என அது இருவகைப்படும். மரபு, வாழும் சூழல், குடல் நுண்ணுயிர்கள் ஆகியன கூடி இந்நோய்க்கு வழிவகுக்கின்றன. நியூட்ரோபில்கள் கூட்டங்கூட்டமாகக் குடற்சுவரைத் துளைத்து வந்து குவிகின்றன. கிருமிகளைக் கொல்ல அவை வெளியிடும் நச்சுப்பொருள்கள் குடற்சுவரையே அரிக்கின்றன. பெருவிழுங்கிகளும் லிம்போசைட்டுகளும் ஓயாமல் செய்தி அனுப்பி மேலும் மேலும் அணுக்களை அழைக்கின்றன. சுவர் புண்ணாகிறது, வலி, குருதிப்போக்கு, எடைக்குறைவு ஆகியன தொடர்கின்றன. இது தொற்றுநோய் அன்று. நோயாளியோடு உண்பதாலும் பழகுவதாலும் பரவாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவைக் கொண்டு மருத்துவர்கள் இவ்வழற்சியை அறிகின்றனர். நியூட்ரோபில் அணுக்களிலிருந்து வெளிப்படும் புரதமே அது.

காவலரை அடக்கிய மருந்து

பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், வெள்ளையணுக்கள் அளவின்றிப் பெருகும் குருதிப் புற்றுநோயால் குழந்தைகள் மடிவதைக் கண்டு வருந்தினார். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது அந்நோய் விரைந்து வளர்வதாக அவருக்குத் தோன்றியது. ஊட்டம் நோயை வளர்க்குமாயின், அவ்வூட்டத்தைத் தடுத்தால் நோய் தளரும் அன்றோ? ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோன்றி, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பணியை மட்டும் செய்யாத பொருள் வேண்டும். பூட்டில் நுழையும், ஆனால் திறக்காத போலிச் சாவி போன்றது அது.

சுப்பாராவின் குழு அத்தகைய போலிச் சாவிகளை உருவாக்கி அனுப்பியது. அவற்றுள் அமினோப்டெரின் என்பதை ஃபார்பர் 1947இன் இறுதியில் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் நோய் சிறிது காலம் தணிந்தது. மருந்தே இல்லை எனக் கைவிடப்பட்ட நோயில் அது முதல் வெற்றி. புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் முறை வளர அது அடித்தளம் இட்டது. அதனினும் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தும் அவ்வாய்விலிருந்தே பிறந்தது.

பெருகும் வெள்ளையணுக்களை அடக்கும் மருந்து, சினந்து தாக்கும் வெள்ளையணுக்களையும் அடக்கும் அன்றோ? 1951இல் அமெரிக்க மருத்துவர்கள் அமினோப்டெரின் மூட்டழற்சியைத் தணிப்பதைக் கண்டனர். 1989இல் மெத்தோட்ரெக்சேட் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 1995இல் வட அமெரிக்காவில் 141 குரோன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வாரம் ஒருமுறை சிறிதளவு மருந்து பலருக்கு நோயை அடக்குவதை மெய்ப்பித்தது. மருந்து ஊசியைப் பெற்றோரில் நூற்றுக்கு 39 பேரிடம் நோய் அடங்கியது. மருந்தில்லா ஊசியைப் பெற்றோரில் நூற்றுக்கு 19 பேரிடம் மட்டுமே அடங்கியது. எனினும், இது வலிய மருந்து. மருத்துவரின் மேற்பார்வையில், குருதியை அடிக்கடி ஆய்ந்து மட்டுமே இதனைக் கொடுப்பர்.

மெத்தோட்ரெக்சேட் உண்போருக்கு வாய்ப்புண், சோகை போன்ற பக்கவிளைவுகள் தோன்றாமலிருக்க மருத்துவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்தே கொடுக்கின்றனர். ஊட்டும் மருந்தும் தடுக்கும் மருந்தும் ஒரே நோயாளியின் மருந்துச் சீட்டில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன.

கொச்சிக்கு உதவிய மாத்திரை

வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய இடக்கொச்சி, பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி முதலிய ஊர்கள் நீர்வளம் மிக்கவை, கொசுக்களும் மிக்கவை. யானைக்கால் நோய் இக்கரையோரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தது. மலையாள மக்கள் அதனை மந்து என்பர். பதினாறாம் நூற்றாண்டில் மலபார்க் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர், இங்குள்ளோர் பலருக்குக் கால் பெருத்திருந்ததைக் குறித்து வைத்துள்ளனர். கொசுக்கடியால் உடலில் புகும் நுண்புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அடைத்து உண்டாக்கும் வீக்கமே அது.

சுப்பாராவின் குழு 1947இல் வெளியிட்ட டைஎத்தில்கார்பமசீன் என்னும் மருந்து அந்நுண்புழுக்களைக் குருதியிலிருந்து அகற்றுகிறது. இங்கும் வெள்ளையணுக்களே உதவிக்கு வருகின்றன. மருந்தால் நிலைகுலைந்த புழுக்களை அவை சூழ்ந்து அழிக்கின்றன. 2004 முதல் இந்திய அரசு, நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இம்மாத்திரையை மக்கள் அனைவருக்கும் வழங்கும் திட்டத்தை நடத்தியது. எறணாகுளம் மாவட்டமும் அதில் இடம்பெற்றது. வீடு வீடாகச் சென்று பணியாளர்கள் கொடுத்த மாத்திரையைக் கொச்சி மக்கள் உண்டனர். அதன் பின்னே பீமவரத்தில் பிறந்த ஒருவரின் உழைப்பு இருந்தது.

இறுதி நாள்கள்

சுப்பாராவ் விளம்பரத்தை விரும்பாதவர். தம் குழுவினரின் பெயரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். அதனால் அவருடைய புகழ் பலகாலம் மறைந்திருந்தது. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. வீட்டாருக்குக் கொடுத்த சொல்லையும் அவரால் காக்க முடியவில்லை. ஓர் ஆய்வு முடிவதற்குள் மற்றோர் ஆய்வு அவரைப் பற்றிக்கொண்டது. மனைவி சேஷகிரி சென்னை மாகாணத்தில் காத்திருந்தார். கணவரை மீண்டும் காணவேயில்லை. உலகம் பெற்ற மருந்துகளுக்கு அக்குடும்பமும் ஒரு விலை கொடுத்தது.

1948ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள், நியூயார்க்கில் உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு அகவை 53. ஃபார்பரின் வெற்றிச் செய்தி வெளியாகி இரண்டு திங்கள்களே கடந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட் குடல் அழற்சிக்கு மருந்தாகும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பின்னாளில் அறிவியலார் புதிய பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசஸ் எனப் பெயரிட்டு அவரைச் சிறப்பித்தனர். 1995இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

பள்ளித் தேர்வில் இருமுறை தவறியவர். உரிய பட்டம் மறுக்கப்பட்டவர். அயலூரில் கழிகலம் கழுவியவர். அவர் எந்நிலையிலும் தம் நோக்கத்தைக் கைவிடவில்லை. உடன்பிறந்தோரைக் காக்க அன்று அவரிடம் மருந்து இல்லை. இன்று அதே நோயால் வாடும் ஒருவர் எந்த ஊர் மருத்துவமனைக்குச் சென்றாலும், ஃபோலிக் அமிலம் என்னும் சிறு மஞ்சள் மாத்திரை அங்கே அவருக்காக இருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

அழற்சி – சிவந்து வீங்கி வலிக்கும் நிலை
உறிஞ்சிகள் – சத்தை ஈர்க்கும் குடலின் நுண்ணிய விரல்கள்
எலும்பு மச்சை – எலும்பின் உள்ளிருக்கும் மென்பொருள்
கழிகலம் – நோயாளியின் கழிவை ஏந்தும் பாத்திரம்
சோகை – குருதிக் குறைவு
நீர்மம் – நீர் வடிவப் பொருள்
அகவை – வயது
பேறு – கிடைத்தற்கு அரிய நற்பயன்

கற்பவை கற்றபின்

1. சுப்பாராவ் மருந்து ஆய்வில் ஈடுபடக் காரணமாக இருந்த குடும்ப நிகழ்வு யாது?
2. ஃபோலிக் அமிலக் குறைவு குருதியையும் குடலையும் ஒருசேரத் தாக்குவது ஏன்?
3. குடல் அழற்சி நோயில் வெள்ளையணுக்கள் செய்யும் தீங்கை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் போலிச் சாவி என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?
5. மெத்தோட்ரெக்சேட் உண்பவருக்கு ஃபோலிக் அமிலமும் கொடுப்பது ஏன்?
6. பிரித்து எழுதுக: குடற்சுவர், அவ்வமைதி, உடற்கூற்றியல், பெருங்குடல்.
7. உம் குடும்பத்தில் முதன்முதலில் கொச்சிக்கு வந்தவர் யார்? அவர் விட்டு வந்தவை எவை, பெற்றவை எவை என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.